யாதொரு வில்லங்கமும் இல்லாத இருதயம்

தென்காசி,
ஆடி மாதம், வெளியே நல்ல சாரல்.

சௌபாக்கியவதி சஹானாவுக்கு அப்பா கணபதிசுப்பிரமணியன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அம்மாவும், அவளுடைய இடது காலும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளை ராகவேந்திரனும் சௌக்கியமா என்று எழுதவும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா காதை இங்கே வைத்துவிடுகிறாள். எழுத வந்ததோ அவளைப் பற்றி.

முதலில் உனக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் அருவிப் படியில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்த பிறகும் தரையில் காலை ஊன்ற மாட்டேன் என்று அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டதை நீயே பார்த்தாய். நடக்காவிட்டால் கால் இப்படியே இறுகிவிடும், அப்புறம் என்னிடம் வந்து பிரயோஜனமில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "நடந்து நான் எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறேன்?" என்று ஒரு பதில் சொன்னாள், அத்தோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். வாய் ஓயாத மனுஷி அவள். அவள் சத்தமில்லாத வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்வானேன். அந்த நேரம் பார்த்து நீ கூடத்து டி.வி.யில் கொரியாக் காதல் நாடகத்தைப் போட்டு, "அப்பா, கீழ இங்கிலீஷ்ல ஓடும், அம்மாவுக்கு நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ் ஏறினாய். பெற்ற தாய் படுத்துக் கிடக்கிறாள், இந்தப் பிள்ளைக்குப் புத்தி போன போக்கைப் பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இத்தால் வாபஸ் வாங்குகிறேன்.

நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள். செருப்பை வாசலில் விடுகிறார்கள், ஊறுகாய் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது, செத்தவர்களுக்குப் பழம் பலகாரம் படைத்து விழுந்து கும்பிடுகிறார்கள். ஆனால் எட்டு எபிசோடு ஆகியும் அந்தப் பையன் அவள் கையைத் தொடவில்லை. நம் பக்கம் என்றால் இதற்குள் வளைகாப்பே முடிந்திருக்கும். அப்புறம் ஒரு லாரி வருகிறது. மோதின உடனே அந்தப் பையனுக்கு ஞாபகம் போய்விடுகிறது. நம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தினமும் இத்தனை டெம்போ இடிக்கிறதே, ஒருத்தனுக்காவது பெண்டாட்டி பெயர் மறந்திருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயுசு முழுக்கப் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இங்கிலீஷைப் பார்த்துத் தமிழ் சொல் என்றால் எனக்கு வருவது ஒரே தமிழ்தான். மழையில் நின்று அவன் மனசைத் திறந்து கொட்டுகிறான், எழுத்தோ குடுகுடுவென்று ஓடுகிறது, பதற்றத்தில் நான் உரக்க, "என் இருதயம் யாதொரு முன் வில்லங்கத்துக்கும் உட்பட்டதல்ல, நாளது தேதி முதல் நீயே அதைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று படித்துவிட்டேன். உள் அறையில் ஒரு சத்தம். அழுகிறாளோ என்று ஓடினேன். சிரிக்கிறாள் சஹானா! கட்டில் ஆட ஆடச் சிரிக்கிறாள். "அந்தப் பய நாலு எல்லையும் சொல்லலையா? கிழக்க யாரு வீடு, மேக்க யாரு வீடு?" என்று கேட்டாள். எத்தனை நாள் கழித்துக் கேட்ட குரல் தெரியுமா?

கட்டிலில் இருந்து பார்த்தால் கதவு மறைத்துப் பாதி டி.வி.தான் தெரியும். கதாநாயகன் எப்போதும் மறு பாதியிலேயே நிற்கிறான். மறுநாள், "அவன் மொகரைய முழுசாப் பாக்காம என்ன நாடகம்? அந்த வாக்கரைக் கொண்டாங்க" என்றாள். கொண்டுபோய் வைத்தேன். ஊன்றினாள். என்னையும் கொரியாக்காரனையும் சேர்த்து வைதுகொண்டே நாற்காலி வரைக்கும் நடந்து வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ நன்றாக இருக்க வேண்டும் தாயி.

வந்த வினையும் கொஞ்சமில்லை. "நீ இல்லாம என்னால மூச்சு விட முடியல" என்று நான் படித்தது ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு எப்சிபா டீச்சர் காதில் விழுந்து, சாருக்கு மூச்சு முட்டுது என்று அந்தம்மா ஆட்டோவோடு வந்து நின்றுவிட்டது. வந்தவர் இப்போது தினமும் நாலு மணிக்கு ஆஜர். முத்தக்காட்சி வந்தால் இரண்டு பெண்களும் என் வாயையே பார்க்கிறார்கள். "மேற்படி இரு பார்ட்டிகளும் மனப்பூர்வமாகச் சம்மதித்தார்கள்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்தேனா என்று பார்க்கப் போய்விடுவேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். காதலன், காதலி, மாமியார்க்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லாருக்கும் நான் ஒருத்தனே குரல் கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. இவர்களைத் தமிழில் பேச வைக்க ஏதாவது வழி இருந்தால் தெரிவிக்கவும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். விசுவநாதர் துணையிருக்க, இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டால் அன்றைக்கே தீர்த்து, சந்தோஷமாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கணபதிசுப்பிரமணியன்.

பி.கு.: ஏட்டி சஹானா, அம்மா எழுதுதேன். துவைக்கச் சட்டைய எடுத்தேன், பையில இது இருந்துச்சு, படிச்சிட்டேன். அவருக்கு ஒரு வழியும் சொல்லிராத. தமிழ்ல பேச வைக்க எந்த பட்டன்னு எப்சிபா டீச்சர் எனக்கு என்னைக்கோ காட்டிக் குடுத்தாச்சு. அவரு காய் வாங்கப் போற நேரத்துல நாங்க ரெண்டு பேரும் தமிழ்லயே முழுசும் பாத்து முடிச்சிட்டோம். சாயங்காலம் அவரு வாயால கேக்கதுக்குத்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி மறுபடியும் உக்காருதேன். கல்யாணமான நாள்லேருந்து "காப்பி ஆறிட்டு"ங்கதத் தவிர அந்த மனுசன் என் மொகத்தப் பாத்து ஒண்ணு சொன்னதில்ல. இப்பம் தெனமும் நான் இல்லாம மூச்சு விட முடியலங்குதாரு. கொரியாக்காரன் சொன்னதாவே இருந்துட்டுப் போட்டும். தொண்டைக்கு மொளகுப்பால் நானே அடுப்படில நின்னு போட்டுக் குடுத்துக்கிடுதேன்.