தலைக்கு மேலே ஒரு கடைமடை

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து மறுநாள் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே எந்த ‘ர’ போடுவது என்ற தகராறு இன்னும் தீரவில்லை. அச்சுக் கோர்ப்பவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மாடியில் ஒரு காவிரியைக் கட்டி, அதற்குக் கீழே என்னைத் தூங்க வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டில் கீழ் அறை எனக்கு, மேல் அறை அவருக்கு. நான் பாத்திரப் பட்டறையில் பித்தளைக்கு மெருகு போடுகிறவன். அவர் வாய்க்கால் மதகுகளில் ஷட்டர் ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர். தெருவில் அவருக்கும் அதுதான் பெயர்.

மதகு இல்லாமல் கை பரபரத்ததோ என்னவோ, கண்ணாடி வாங்கி ஒட்டி ஒரு மீன்தொட்டி செய்தார். நான் காலை நீட்டிப் படுக்கலாம், அத்தனை நீளம். உள்ளே மீன்கள். விளிம்பு நெடுக மணி பிளான்ட், குட்டி மூங்கில், வெள்ளைப் பூ பூக்கிற ஏதோ ஒரு லில்லி. இலையெல்லாம் வெளியே, வேரெல்லாம் தண்ணீருக்குள்.

“மீனு கழிக்கிறது செடிக்கு எரு. செடி சுத்தம் பண்ற தண்ணி மீனுக்கு. யூரியாவுக்கு வரிசையில நிக்க வேணாம் பாருங்க தம்பி” என்றார்.

மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிற மூலை தலைமடை. கடைசி மூலை கடைமடை. அங்கே ஒரு மணி பிளான்ட் இருந்தது. என் கஷ்டகாலம் அந்தச் செடியில்தான் தொடங்கியது. அதில் ஒரு இலை பழுத்தால் போதும், லஸ்கர் துடித்துப் போவார்.

“தண்ணி வந்து சேரலன்னு சர்வீஸ் பூரா கடைமடைக்காரங்க வாயில விழுந்தேன் தம்பி. அருவாளோட வந்து நின்னிருக்காங்க. என் வீட்டுலயும் கடைமடை காயணுமா?”

உடனே இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றி மட்டத்தை ஏற்றுவார். வேர் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் ஆற்று மணல் மூட்டை வந்தது. “ஒரு கை குடுங்க தம்பி” என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் தலையில் விழப்போகிற மூட்டையை நானே தோளில் சுமந்து மாடியேற்றினேன்.

அன்று மாலையே உத்திரம் ‘கிறீச்’ என்றது. மறுவாரம் விட்டத்தில் ஒரு விரிசல். அடுத்து, நான் சாப்பிடும்போது சாம்பார் சாதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. முகர்ந்தேன். மீன்குழம்பு வாசனை. கட்டிலைச் சுவரோரம் தள்ளினேன், பிறகு கதவோரம் தள்ளினேன். கடைசியில், தலையாவது மிஞ்சட்டும் என்று வாசற்படிக்கு வெளியே தலையை நீட்டிப் படுத்தேன். விடிகாலையில் பால்காரர் மிதிக்கப் பார்த்தார்.

‘ஐயா, தண்ணியைக் கொஞ்சம் குறைங்க.’ இதைப் பட்டறையில் அண்டா அண்டாவாகப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து மாடியேறிக் கதவைத் தள்ளினேன். லஸ்கர் குப்புறக் கிடந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“ஐயா! லஸ்கரய்யா!”

“ஸ்... சத்தம் போடாதீங்க” என்றார், காதைத் தரையில் ஒட்டியபடியே. “விரிசல் வளருதான்னு கேக்குறேன்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“ஏங்க சொல்லல?”

“சொன்னா பயந்துருவீங்களே!”

தொட்டியை ஒட்டியே அவர் கட்டில் கிடந்தது. முன்பு அது ஜன்னலோரம் இருந்தது.

“இங்க ஏன் படுக்குறீங்க?”

“விழுந்தா நானும் சேந்து விழணும்ல? உங்கள மட்டும் அனுப்பிட்டு நான் மேல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?”

எனக்கு அழுவதா ஓடுவதா என்று தெரியவில்லை. அவரே தீர்ப்பும் சொன்னார்: “கீழ இருந்தா எதுவும் விழாது. தொட்டியக் கீழ இறக்கிருவோம்.”

“கீழ நான் இருக்கேனுங்களே?”

“நீங்க மேல வந்துருங்க.”

அன்றைக்கே ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீரை வடித்தோம். செடிகளைப் பிடுங்க முடியவில்லை. வேர்க்கொத்துக்குள் மீன்கள் ஒளிந்துகொண்டு வர மறுத்தன. வேரும் மீனுமாக வாளிகளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். “கடைமடை பத்திரம்! கடைமடை பத்திரம்!” என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

இப்போது என் அறையில் மீன்கள் வசிக்கின்றன. நான் மாடியில், அவர் குறட்டைக்குப் பக்கத்தில். விரிசலைப் பூசியாயிற்று. ஆனால் ஒரு பயம் போய் இன்னொன்று வந்துவிட்டது. அவர் மகள் சென்னையில் இருக்கிறாள். தன்னோடு வந்துவிடும்படி போனில் கூப்பிடுகிறாள். மணி அடித்தாலே நான் அவர் பக்கத்தில் போய் நின்று காது கொடுக்கிறேன்.

“செடியையும் மீனையும் யாரும்மா பாத்துக்குவாங்க? கூட இருக்குற தம்பிக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது” என்கிறார் லஸ்கர்.

எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அவர் அப்படிச் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் எழுதி முடித்தேன்.