என் தலையில் எழுதிய வெளிநாட்டுச் செலவு

பிள்ளைகளே, செலவைக் குறைக்க அப்பாக்கள் போடும் திட்டங்களில் முக்கால்வாசி, புதிய செலவில்தான் போய் முடியும். நான் போட்ட திட்டம் என் தலையில் முடிந்தது.

என் மகன் பிரதீப்புக்கு அயர்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வங்கியில் கடன் கேட்டிருந்தோம். குறித்த தேதிக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

நான் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். எங்கள் பெட்டியில் வெளிநாட்டைப் பற்றித் தெரியாதவர்களே கிடையாது (போனவர்களும் கிடையாது). ஃபீஸைக்கூடக் கட்டிவிடலாம், அங்கே தங்கிச் சாப்பிடுவதுதான் ஆளைச் சாய்த்துவிடும் என்றார்கள். வாடகை, பஸ், இன்சூரன்ஸ் என்று ஆளுக்கொன்றைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். வெல்டர் தாஸ் அண்ணன் கடைசியாக வாயைத் திறந்தார்.

"அங்க ஒரு தபா முடி வெட்டிக்கிற காசுல இங்க ஒரு குடும்பமே ஒரு வாரம் சாப்பிடலாம், தெரியுமா?"

வாடகையை என்னால் குறைக்க முடியாது. இதைக் குறைக்கலாமே! அன்றே ஒரு ட்ரிம்மர் வாங்கினேன். அங்கே பிரதீப் கூடத் தங்கும் பையன்களோடு மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டால் செலவே இல்லை. ஆனால் பழகுவதற்கு ஒரு தலை வேண்டும். வீட்டில் அவனைத் தவிர இரண்டு தலைகள்தான் இருந்தன. அதில் ஒன்று என் மனைவி மல்லிகாவுடையது.

திங்கட்கிழமை சாயந்திரம் வாசலில் ஸ்டூல் போட்டு, துண்டு போர்த்தி உட்கார்ந்தேன். பிரதீப் நன்றாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் வங்கியிலிருந்து போன். நாளைக் காலை அப்பாவோடு வரவேண்டும், மேனேஜர் பார்க்கணுமாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "சரி சார், வர்றோம் சார்" என்று தலையாட்டினான். தலையோடு கையும் ஆடியது. மெஷினில் மாட்டியிருந்த சீப்பு எப்போதோ கழன்று விழுந்திருந்தது. பிடரியிலிருந்து உச்சி வரை ஒரே இழுப்பு.

மல்லிகா ஓடி வந்தாள். "இன்னாடா இது? தார் ரோடு போட வழி விட்டாப்ல கீது!"

"சரி பண்ணிடறேம்மா" என்று மறுபக்கமும் ஒரு ரோடு போட்டான்.

"வுடு, காலைல சலூனுக்குப் போய்க்கிறேன்" என்றேன்.

"நாளைக்கு செவ்வாக்கெழமைங்க. எந்த சலூன் தொறப்பான்?"

"அப்ப மொட்டை அடிச்சிடு."

"கடன் கேக்கப் போற எடத்துல, வீட்ல எழவுன்னு நெனைக்கவா?"

மங்கி குல்லாவோடு வங்கிக்குப் போனேன். மேனேஜர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். படம் எடுக்க வேண்டும், குல்லாவைக் கழற்றுங்கள் என்றார். கழற்றினேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"நேத்து சாயந்திரத்துல இருந்து சார்."

"வலி இருக்கா?"

"கழுத்துல லேசா எரியுது சார்."

ஃபைலை மூடினார். "இது ரொம்ப வருஷம் கட்டற கடன். பையனோட நீங்களும் கையெழுத்துப் போடறீங்க. உங்க உடம்பு இப்படி இருந்தா... முதல்ல மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டுவாங்க."

அதற்குள் தேதி போய்விடும். பிரதீப் எழுந்தான். "சார், அப்பாக்கு நோய் இல்ல. நான்தான் சார்."

"நீ என்ன பண்ணே?"

"முடி வெட்டப் பழகினேன். அங்க வெட்டிக்க ரொம்ப காசாவுதாம்."

மேனேஜர் நம்பவில்லை. எழுந்து வந்து, பலாப்பழம் வாங்குகிறவர் போல என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த முடித்துணுக்கைப் பார்த்ததும் சிரித்தார் பாருங்கள், வங்கியே திரும்பியது. காஷியரைக் கூப்பிட்டு வேறு காட்டினார். பிறகு ஃபைலைத் திறந்து, செலவுக் கணக்கில் முடிவெட்டும் செலவைத் தன் பேனாவாலேயே சேர்த்தார்.

"கடன் கொஞ்சம் கூடினா கூடட்டும். இவன்கிட்ட மட்டும் இனிமே தலையைக் குடுக்காதீங்க!"

அப்படியே என்னை உட்காரவைத்துப் படமும் எடுத்தார்கள்.

ஃபீஸ் நேரத்தில் கட்டியாயிற்று, பிரதீப் அங்கே படிக்கிறான். என் முடி இரண்டே மாதத்தில் வளர்ந்துவிட்டது. ஆனால் கடன் முடியும்வரை வங்கிக் கம்ப்யூட்டரில் அந்தப் படம்தானாம். பணம் கட்டப் போகும்போதெல்லாம் கவுண்டர் பெண் திரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மல்லிகாவுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் மாதம் தவறாமல் என்னோடு கிளம்பி வந்து, கவுண்டரில் எட்டிப் பார்த்து, "அந்தப் படத்த இன்னொரு தபா காட்டும்மா" என்கிறாள்.