கம்பிவலைக்கு இந்தப் பக்கம்

என்னைக் கேட்காமல் இந்த வீட்டில் இனிமேல் ஓர் ஈகூடக் குடியேறக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் போட்டேன். சத்தமாகவே போட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "சரிங்க" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அவள் சண்டை போட்டால் எனக்குப் பயமில்லை. பாத்திரத்தை நங்கென்று வைத்தாலும் பயமில்லை. "சரிங்க" என்றால்தான் ஆபத்து. கல்யாணமான புதிதில் "மீசையை எடுக்கவே மாட்டேன்" என்றேன். "சரிங்க" என்றாள். அடுத்த வாரம் கண்ணாடியில் பார்த்தால் மீசையைக் காணோம். எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

தீர்மானத்துக்குக் காரணம் என் மச்சான். அவளுடைய அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் ஓய்வு, தொண்டை இன்னும் டியூட்டியில் இருக்கிறது. எங்காவது நாலு பேர் வழியில் நின்றால் போதும், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தானே இருக்கு" என்று ஆரம்பித்துவிடுவார். தனிக்கட்டை. ஊரின் அந்தக் கோடியில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு கோழிகளோடு குடியிருந்தார். இப்போது அந்த வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பின் அறை இருக்கிறது. கொல்லைப்பக்கம் ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அலுவலகத்தில் நான் புகார்ப் பிரிவு. வருகிறவர்கள் கத்துவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை. வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் கிடையாது. யாரும் என்னிடம் புகார் சொல்லாத ஒரே இடம் அந்தப் பின் அறை. அதை ஒரு கண்டக்டருக்கு விட்டுக்கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

அன்று மத்தியானம் மனைவி வந்து நின்றாள்.

"அண்ணனுக்காக எடம் கேக்கலைங்க. அவரு எங்கயாவது பாத்துக்குவாரு. அந்தக் கோழிங்க ரெண்டையும் மட்டும் நாம வெச்சுக்கலாமா?"

"கோழி மட்டும்தானே?"

"கோழி மட்டும்தான்."

"கோழி பின்னாடியே உங்க அண்ணன் வந்துடமாட்டாரே?"

"அவரு என்ன கோழிக்குஞ்சா, பின்னாடியே வர்றதுக்கு?"

நியாயமான பதில். ஒப்புக்கொண்டேன்.

எங்கள் கொல்லையில் ஏற்கெனவே ஐந்து கோழிகள். அவற்றில் பெரியது செம்பட்டை நிறம். கழுத்தில் மயிர் கிடையாது. மற்ற நாலும் அது தின்று முடிக்கும்வரை நின்று பார்க்கும். நிழலில் அது படுத்தால் மற்றவை வெயிலில் நிற்கும். அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தேன். எங்கள் அலுவலக மேனேஜருக்கும் கழுத்து அப்படித்தான்.

"புதுசு ரெண்டையும் சும்மா தொறந்து விட்டுட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழி வளர்ப்பதைப் பற்றி அலுவலக நேரத்தில் போனில் நான் பார்க்காத வீடியோ இல்லை.

"தொறந்து விட்டா கொத்தியே கொன்னுடும்டி. பழைய கோழிக்கு இது தன் எடம்னு ஒரு திமிர் இருக்கும். அதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல நடுவுல ஒரு கம்பிவலை. அந்தப் பக்கம் புதுசு, இந்தப் பக்கம் பழசு. பாக்கலாம், தொட முடியாது. பாத்துப் பாத்துச் சலிச்சுப் போகும்."

"ஓ. அப்புறம்?"

"அப்புறம் வாசனை. புதுசு படுத்த வைக்கோலைக் கொண்டாந்து பழசோட கூட்டுல போடணும். மூக்குக்குப் பழகிட்டா பாதிச் சண்டை தீந்துச்சு."

"கோழிக்கு மூக்கு இருக்கா?"

"இருக்கு. குறுக்க பேசாத. அப்புறம் வலைக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தீனி. சேந்து தின்னா சிநேகம்."

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பேசுவதை அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் புல்லரித்துவிட்டது. உற்சாகத்தில் மிச்சத்தையும் கொட்டினேன். கூட்டில் உள்ள சாமான்களை இடம் மாற்றி அடுக்கினால் பழைய கோழி குழம்பிப் போய் உரிமை கொண்டாடாது. ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அதைக் கொத்துகிற மும்முரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றே பார்க்காது. கடைசியில் ஒரு நாள், பொழுது சாய்கிற நேரத்தில், புதுசைத் தூக்கிப் பழசு பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும்.

"காலையில கண்ணு முழிச்சதும், எப்பவும் இங்கயேதான் இருந்துச்சுபோலன்னு நினைச்சுக்கும்."

"அப்பவும் கொத்துனா?"

"கொத்துறதைப் பிடிச்சுத் தனிக்கூண்டுல போடணும். கொஞ்ச நாள் தனியா கிடந்துட்டு வந்தா கொட்டம் அடங்கிடும்."

"எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!" என்றாள். அன்று இரண்டாவது காபியும் கிடைத்தது.

மச்சான் மறுநாள் சாயங்காலம் கூடையோடு வந்தார். கொல்லைக் கதவு வழியாக வந்து, அங்கேயே நின்றுகொண்டார். கோழிகளுக்கு முன்படி, பின்படி என்று பேராம். முன்படி முதலில் இறங்கியது. பின்படி, அது இறங்கியதைப் பார்த்துவிட்டு இறங்கியது. இரண்டையும் வலைக்கு அந்தப் பக்கம் விட்டேன். மேனேஜர் வந்து வலையில் மோதி, கழுத்தை நீட்டி, கேவலமாக ஏதோ திட்டியது.

"உள்ள வாங்க மச்சான்" என்று ஒரு மரியாதைக்குச் சொன்னேன்.

"வேணாம் மாப்ளே. கோழியப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வந்தார். கோழிகளைப் பார்த்துவிட்டு, பின் அறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் நான். பத்து பைசா குறைந்ததற்காக ஒரு பயணி அழுத கதை, பஸ்ஸில் பிரசவம் பார்த்த கதை, டிரைவர் தூங்கிவிட்ட கதை. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு சும்மா கேட்டேன். அப்புறம் ஒரு நாள், "அந்த டிரைவரு முழிச்சாரா இல்லையா?" என்று நானே கேட்டுத் தொலைத்தேன்.

"இப்ப எப்படிங்க, முன்ன மாதிரி சீறல் இல்லையே?" என்றாள் மனைவி.

"மேனேஜரா? இல்ல, பரவாயில்ல."

"ம். மேனேஜரும்தான்."

புதுக் கோழிகள் படுத்த வைக்கோலை எடுத்துப் பழையவற்றின் கூட்டில் போட்டேன். அந்த வாரம்தான் என் நாற்காலியில் ஒரு துண்டு கிடந்தது. மூட்டுவலித் தைல வாசனை மூக்கைத் துளைத்தது.

"இது யாரோடது?"

"அண்ணன் மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு."

"வெளியில நிக்கிறவர் துண்டு உள்ள எப்படி வந்துச்சு?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு, நான்தான் எடுத்து உள்ள போட்டேன்."

மழை எதுவும் வரவில்லை. துண்டு மட்டும் தினமும் வந்தது. ஒரு கட்டத்தில் அந்தத் தைல வாசனை இல்லாவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கமே சரியாகப் பிடிக்கவில்லை.

வலைக்கு இரண்டு பக்கமும் தீனி வைத்த நாளில், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் தட்டு வந்தது. "நின்னுட்டே பேசறாரு, பாவம், பசிக்காதா?" என்றாள். அவர் வெளியே நின்று தின்றார், நான் உள்ளே உட்கார்ந்து தின்றேன். ஒருநாள் அவர் வரவில்லை. வீடு தேட எங்கோ போயிருந்தாராம். அன்று என் தட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளவே அவமானமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அவசரம். கோழிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று தின்பதைப் பார்த்து, எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்து, மனைவியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, பட்டப்பகலில் வலையை உருவினேன்.

"பார், இப்ப ஒண்ணுமண்ணா..."

வாக்கியம் முடியவில்லை. மேனேஜர் பாய்ந்தது. முன்படி என் காலுக்கு நடுவில் புகுந்தது. பின்படி வழக்கம்போல் அதன் பின்னால் புகுந்தது. முன்படியைக் கொத்த வந்த மேனேஜர் என் முழங்காலைக் கொத்தியது. நான் விழுந்தேன். என் மேல் ஏறி எல்லாக் கோழிகளும் ஓடின. அந்த நேரத்துக்கு மச்சான் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார். முன்படியும் பின்படியும் நேராக அவர் காலடிக்கு ஓடி வந்தன. மற்றவை அப்படியே நின்றன. நானும் படுத்தபடி அசையாமல் நின்றேன், அதாவது கிடந்தேன்.

மேனேஜரைப் பிடித்துத் தனிக்கூண்டில் போட்டோம். கூண்டை மாடிப்படிக்கு அடியில் வைத்தாள் மனைவி. ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஒரு பிடி தீனி.

முழங்கால் வீங்கி நான் லீவில் கிடந்தபோது, பழைய ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

"இது பாடலைங்க. உங்களால மட்டும்தான் முடியும்."

பிரித்தேன். பிரித்ததைச் சேர்க்க முடியவில்லை. ஒரு திருகாணி மிஞ்சியது, அதைப் போட்டால் இன்னொன்று மிஞ்சியது. வெறி பிடித்துவிட்டது. சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது வீடே இடம் மாறியிருந்தது. அலமாரி இருந்த இடத்தில் மேஜை. மேஜை இருந்த இடத்தில் கட்டில். பின் அறையில் இருந்த என் சட்டைகள் எல்லாம் முன் அறைக்கு வந்திருந்தன.

"என்னடி இது?"

"தூசி தட்டுனேங்க. அப்படியே மாத்தி வெச்சேன். நல்லா இல்லையா?"

எந்தச் சாமான் எங்கே என்று எனக்கே புரியாதபோது நல்லா இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? "இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த திருகாணியைத் தேடினேன்.

மேனேஜர் கூண்டிலிருந்து வந்த அன்று கொல்லையில் யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஓரமாகப் போய் நின்றது. சொல்லக் கூடாது, எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அன்று பொழுது சாயும் நேரத்தில் முன்படியையும் பின்படியையும் தூக்கிக் கூட்டுக் கட்டையில் மற்றவற்றின் நடுவில் வைத்தேன். முனகல்கூட இல்லை. முறை என்றால் முறை! வயிறாரச் சாப்பிட்டேன். வெற்றியோடு படுத்தேன்.

காலையில் முதல் வேலையாகக் கூட்டைப் போய்ப் பார்த்தேன். ஏழும் ஒரே தட்டில் தின்றுகொண்டிருந்தன. மேனேஜர் பின்படிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இந்த நல்ல செய்தியை என் நாற்காலியில் சாய்ந்தபடி அனுபவிக்கலாம் என்று பின் அறைக்குப் போனேன்.

நாற்காலியில் மச்சான் இருந்தார். கையில் காபி. ஆணியில் அவர் சட்டை. பரணில் அவர் டிரங்குப் பெட்டி. ஜன்னல் விளிம்பில் தைலப் புட்டி.

"வாங்க மாப்ளே, உள்ள வாங்க. எடம் தாராளமா இருக்கு" என்றார்.

நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"உங்க அண்ணன் எப்ப வந்தாரு?"

"அண்ணனா? எப்பவும் இங்கயேதானே இருக்காரு!"

"விளையாடாத! நேத்துவரை ஜன்னலுக்கு வெளிய நின்னாரு!"

"பொழுது சாயற நேரத்துல கொண்டாந்து விட்டேங்க. நீங்க கோழியத் தூக்கிட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்."

ஜன்னல். துண்டு. தட்டு. ரேடியோ. அலமாரி. எல்லாம் ஒவ்வொன்றாக என் தலையில் இறங்கின. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"நான் என்ன கோழியா?"

"சேச்சே. கோழிங்க சீக்கிரம் பழகிடுச்சு. உங்களுக்குத்தான் நாளாச்சு."

"ஒத்துக்கவே மாட்டேன்! இது என் வீடு! அது என் அறை! இப்பவே உங்க அண்ணன்கிட்ட போயி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை..."

"சரிங்க" என்றாள்.

சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். படிக்கு அடியில், கூண்டு இருந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தமாக ஒரு பாய் விரித்திருந்தது. ஒரு தலையணை. பிரித்துப் போட்ட ரேடியோ.

பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர்கூட வைத்திருந்தாள்.