சித்தீக் பாய் காரின் உள்விளக்கு

வடுவூர் வருவதற்குச் சற்று முன்னால் காருக்குள் ஊதா விளக்கு எரிந்தது.

சும்மா எரியவில்லை. கூரை ஓரம், கதவு ஓரம், காலடி, சீட்டுக்கு அடி என்று ஓர் அங்குலம் விடாமல் ஒட்டியிருந்த எல்.இ.டி. பட்டை முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது. பின் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த மதிவாணன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"பாய், என்னது இது?"

"தெரியலைங்க தம்பி. இருட்டினா தானா எரியும் போல" என்றார் டிரைவர் சித்தீக்.

"போலவா? உங்க கார்தானே?"

"கார் என்னுது. விளக்கு மருமவன் போட்டது."

இதற்கு மேல் என்ன கேட்பது? கார்த்திகை மாசத்து மழை வெளியே நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. அப்பாவைப் பார்க்கப் போகிறவனுக்கு இந்த ஊதா வெளிச்சம் கொஞ்சமும் பொருந்தவில்லை.

முந்தாநாள் ராத்திரி தங்கை மேகலா ஷார்ஜாவுக்குப் போன் செய்து, "அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா" என்றாள். கிடைத்த விமானத்தில் ஏறித் திருச்சியில் வந்து இறங்கினான். வாசலில் சித்தீக் நின்றிருந்தார். முத்துப்பேட்டைக்காரர். ஒரு காலத்தில் மினி லாரி வைத்து அப்பாவின் நெல்லை ஏற்றியவர், இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். பெட்டியை முன் சீட்டில் வைத்துவிட்டு, "நீங்க பின்னாடி காலை நீட்டிக்கங்க தம்பி" என்றார். போனில் சார்ஜ் இல்லை என்றதும் அதையும் வாங்கி முன்னால் சொருகிக்கொண்டார்.

அப்பா அமிர்தலிங்கம், கடைமடை விவசாயிகள் சங்கத்தின் தலைவர். வடுவூரிலிருந்து முத்துப்பேட்டை வரை அவரைத் தெரியாத ஆள் கிடையாது. தண்ணீர் வரவில்லை என்றால் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாலையில் உட்கார்ந்துவிடுவார். எழுபத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்பது மகனின் கட்சி. ஆடி மாசம் போனில் அந்த வாக்குவாதம் முற்றிவிட்டது. "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றான் மதிவாணன். "நீ ஊருக்கெல்லாம் விளக்கு போடு, நான் என் வயலைப் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. "அப்ப அந்த நிலத்தையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிப் போனை வைத்தவன்தான். அதற்குப் பிறகு நாலு மாசம் அவனும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரோஷம்.

இப்போது அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அப்பாவுக்குக் காது கேட்கும்போதே போய்ச் சேர வேண்டும். "அப்பா, நான் சொன்னது தப்புப்பா" என்று அவர் காதில் சொல்லிவிட வேண்டும். விமானம் நெடுக அந்த ஒரு வரியைத்தான் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் குறைங்க பாய். கண்ணு கூசுது."

சித்தீக் ஏதோ ஒரு திருகைத் திருகினார். ஊதா போய்ப் பச்சை வந்தது. முன்னதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்.

"குறைக்கச் சொன்னா கூட்டறீங்களே!"

"நான் குறைக்கத்தாங்க திருகினேன்."

விளக்கு விஷயத்தில் மதிவாணனை யாரும் ஏமாற்ற முடியாது. பதினோரு வருடமாக அவனுக்கு அதுதான் சோறு. கல்யாண மண்டபம், ஓட்டல், பணக்காரர் வீட்டு வரவேற்பறை என்று எங்கே எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம் என்பதையெல்லாம் ஷார்ஜாவில் அவன்தான் தீர்மானிப்பான். "மாப்பிள்ளை முகத்துக்கு மஞ்சள் கலந்த வெள்ளை, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு" என்று பாடமே எடுப்பான். அப்படிப்பட்டவன் ஒரு வாடகைக் காருக்குள் கீரைக்கட்டு நிறத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ரிமோட் இருக்கும் பாய். சின்னதா, இருபத்தி நாலு பட்டனோட. தேடுங்க."

வண்டியை நிறுத்தாமலே சித்தீக் ஒரு கையால் துழாவினார். மூக்குப்பொடி மட்டை, தஸ்பீஹ் ஜெபமணி, இன்சூரன்ஸ் காகிதம் எல்லாம் வந்த பிறகு ரிமோட் வந்தது.

"குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சுங்க. எனக்குத்தான் இடம் தெரியும்" என்று அவரே ஒன்றை அழுத்தினார். விளக்கு சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஓட ஆரம்பித்தது. மதிவாணன், "ஐயையோ!" என்றான். விளக்கு துள்ளியது.

"நிறுத்துங்க பாய்!" என்றான். அதற்கும் துள்ளியது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. "பாட்டு பட்டனை அமுக்கிட்டீங்க. சத்தம் கேட்டா ஆடும்."

"அப்படிங்களா?" என்றார் சித்தீக். விளக்கு ஆடியது. அவர் மூக்கை உறிஞ்சினார், அதற்கும் ஆடியது. ஏர்போர்ட்டிலிருந்தே அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு ஜலதோஷம் என்றார்.

மாற்றி அமுக்கப் பார்த்தபோது ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது. தீர்ந்ததாகச் சித்தீக் சொன்னார்.

எதிரே வந்த பஸ் வேகத்தைக் குறைத்து இவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. கல்யாண கோஷ்டி என்று நினைத்திருக்கும். சித்தீக்கோ ஸ்டீயரிங்கின் மேல் நெஞ்சை வைத்து, முன் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

"இந்த வெளிச்சத்துல ரோடு தெரியுதா உங்களுக்கு?"

"பழகின ரோடுங்க."

"கொஞ்சம் வேகமா போங்களேன். அப்பா அங்க எப்படி இருக்காரோ!"

சித்தீக் துண்டால் முன் கண்ணாடியைத் துடைத்தார். விளக்கு மட்டும் ஆடாமல் நின்றது.

"என் போன் ஏறிடுச்சா? மேகலாகிட்ட பேசணும்."

"ரெண்டு பர்சன்ட்தாங்க ஏறியிருக்கு. என் போன்ல பேசுங்க" என்று அவரே நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே" என்றாள் மேகலா. குரல் கட்டியிருந்தது. கூரை சிவப்பானது.

"அப்பா எப்படி இருக்காங்க? கண்ணு முழிச்சுப் பாக்கறாங்களா? நான் வர்றேன்னு சொன்னியா?"

"சொன்னேண்ணே. உனக்காகத்தான் காத்துகிட்டு இருக்காங்க. பத்திரமா வா." அவள் விசும்பின விசும்பலுக்கெல்லாம் விளக்கு பச்சையும் நீலமுமாகக் குதித்தது. மதிவாணனுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. போனை வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழப் பார்த்தான். தொண்டையிலிருந்து தெரியாமல் ஒரு கேவல் வந்தது. உடனே கார் முழுக்க மஞ்சள் பூத்தது. அப்பாவை நினைத்து அழக்கூட விடாத வண்டியில் மாட்டிக்கொண்டோமே என்று தன்னை நொந்துகொண்டு அழுகையை அடக்கினான்.

மடியில் கைப்பை இருந்தது. அதற்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது அப்பா டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் மண்வெட்டி பிடிப்பார். மடையை வெட்டக் குனிந்தால் வெளிச்சம் வேறு எங்கேயோ அடிக்கும். அதற்காகப் போன வருடமே வாங்கியது. ஊருக்கு வந்த எத்தனையோ பேரிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். தானே கொண்டுவந்து தலையில் மாட்டிவிட வேண்டும் என்று வைத்திருந்தான். பிறகு சண்டை வந்துவிட்டது.

"மூச்சு முட்டுது பாய். கண்ணாடியை இறக்குங்க."

"அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்காதுங்க."

"ஏர்போர்ட்ல இறங்கிச்சே?"

"திருச்சியில மழை இல்லீங்களே" என்றார் சித்தீக்.

மதிவாணனின் பொறுமை அத்தோடு முடிந்தது. ஷார்ஜாவில் ஆயிரம் விளக்கை அடக்கியவனுக்கு இந்த ஆறு மீட்டர் பட்டை ஒரு பொருட்டா? முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். பட்டைக்கு உயிர் கொடுக்கும் சின்னப் பெட்டி கையில் தட்டுப்பட்டது.

"வேணாம் தம்பி, வைப்பர் நின்னுடும்!"

"வைப்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இது என் தொழில்" என்று சொல்லிப் பெட்டியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தான். பெட்டி கையோடு வந்தது. அறுந்த கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து ஒரே வெள்ளையாக, இருக்கிற முழு வெளிச்சத்தோடு எரிந்தன. ஆட்டம் நின்றது. இனிமேல் குறைக்கவும் முடியாது, நிறம் மாற்றவும் முடியாது. மாற்றுகிற பெட்டி அவன் கையில் இருந்தது.

சித்தீக் திரும்பிப் பார்க்காமல், "தொழில் தெரிஞ்சவங்க கை வெச்சா அதோட அழகே தனிங்க" என்றார்.

அதன் பிறகு மதிவாணன் எதையும் தொடவில்லை. ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்த வெளிச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் அவன் முகம், இடது பக்கம் பார்த்தாலும் அவன் முகம். இரண்டு நாள் தாடியும் குழி விழுந்த கண்ணுமாக அப்பாவின் சாடை அப்படியே தெரிந்தது. இத்தனை நாள் அதை யாராவது சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

"மன்னார்குடி வந்துடுச்சா?"

"இப்பத்தாங்க தாண்டினோம்."

"தெரியவே இல்லையே! ஒரு டீ குடிச்சிருக்கலாம்."

"கடையெல்லாம் அடைச்சுட்டாங்க."

"ஏழு மணிக்கா?"

"மழைங்க தம்பி."

கோட்டூரில் ஒரு வேகத்தடையில் கார் நின்று ஏறியபோது, மழைக்கோட்டு போட்ட ஒருவன் பைக்கைக் கண்ணாடியை ஒட்டி நிறுத்தி உள்ளே பார்த்தான். எங்கேயோ பார்த்த முகம். சிரிக்கப் போகிறான் என்று மதிவாணன் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"பாத்தீங்களா பாய்? இந்த வெளிச்சத்துல என்னைச் சப்பரத்துல வெச்ச சாமின்னு நெனச்சுக் கும்பிடறான்" என்றான் மதிவாணன். அந்த நிலையிலும் அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சித்தீக் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார், பிறகு கண்ணையும் துடைத்தார்.

"ரொம்பத்தான் ஜலதோஷம் உங்களுக்கு. அப்பாவைப் பாத்துட்டு முதல்ல மாத்திரை வாங்கிப் போடுங்க."

"ஆகட்டுங்க."

"அப்பாவுக்குக் காது நல்லா கேக்குதாம் பாய். மேகலா முந்தாநாளே சொன்னா. வாய்தான் குழறுதாம். பரவால்ல, அவர் பேச வேணாம். நான் பேசறேன்." அவன் பெட்டியை மார்போடு வைத்துக்கொண்டான். "இதை அவர் தலையில மாட்டிவிட்டா திட்டுவாரு. திட்டட்டும். நாலு மாசத்துக்கும் சேத்துத் திட்டட்டும்."

கார் இன்னும் மெதுவாகப் போனது. மதிவாணன் இதற்கும் ஒரு சத்தம் போட்டிருப்பான். ஆனால் அந்த மனிதர் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதை தெரியாமல் திணறி ஓட்டுவதைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது. "மருமவனை விடாதீங்க பாய். நல்லா கேளுங்க" என்று மட்டும் சொன்னான்.

திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் அவர்கள் ஊருக்குத் திரும்பும் வாய்க்கால் பாலத்தில் கார் நின்றது. மழை விட்டிருந்தது. வீட்டுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தது.

"ஏன் பாய் இங்க நிறுத்திட்டீங்க? வீட்டுக்குப் போங்க, நேரமாகுது."

சித்தீக் ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினார். டப்பென்று கார் முழுவதும் இருண்டது. முனகாமல், மினுக்காமல், ஒரே தட்டில் அத்தனை விளக்கும் அணைந்துவிட்டது.

மதிவாணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தச் சுவிட்சு இவ்வளவு நேரம் எங்க போச்சு பாய்? வடுவூர்லேர்ந்து கெஞ்சறேனே, ஏன் அணைக்கலை?"

சித்தீக் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஏர்போர்ட்டிலிருந்து கிளம்பிய பிறகு முதல் முறையாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இருட்டில் துழாவி, அந்த அட்டைப்பெட்டியோடு சேர்த்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள விளக்கு எரிஞ்சா வெளிய இருக்கறது தெரியாதுல்ல தம்பி... வடுவூர்லேர்ந்து வழி நெடுக, ஒரு சுவரு விடாம, உங்க அப்பா படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்காங்க."