சாதாரண மனிதனின் இரத்தம்

கூச்சப்படுகிறவனால் யாருக்கும் கெடுதல் வராது என்பார்கள். என் கூச்சம் ஒருமுறை ஒரு மீன் வியாபாரிக்கு இரத்தப் புற்றுநோய் வாங்கிக் கொடுக்கப் பார்த்தது.

நாடு சுதந்திரம் அடைந்த புதிது. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவிக்கொண்டிருந்தேன். (அங்கே 'நார்மல்' மனிதனும் நான்தான். நோயாளியின் இரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவனின் இரத்தம் வேண்டும். என் விரல்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.)

புதிதாக வந்த டாக்டர் ஒரு சாயச் சோதனையைக் கொண்டுவந்தார். வெள்ளை அணுவுக்குள் ஒரு நொதி உண்டாம். உடம்பில் கிருமி புகுந்தால் அணு விழித்துக்கொள்ளும், நொதி மும்முரமாகும், சாயம் போட்டால் கறுத்துத் தெரியும். ஒருவகைப் புற்றுநோயில் அணுக்கள் பெருகினாலும் நொதி தூங்கும், வெளுத்தே இருக்கும்.

தெங்கேராவிலிருந்து வந்த அந்த வியாபாரிக்கு வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். கிருமியா, புற்றுநோயா என்று தெரிய வேண்டும். அவர் இரத்தம் கறுத்தது. என்னுடையதும் கறுத்தது.

"நல்லா இருக்கிற ஆளுக்கே கறுக்குதுன்னா சாயம்தான் கெட்டுப்போச்சு. இதை நம்ப முடியாது, புற்றுநோயான்னு பார்க்க ஆளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிடுவோம்" என்றார் டாக்டர்.

நானோ மூன்று நாளாகக் காஜா பெராங்கிலிருந்து சைக்கிளை நின்றுகொண்டே மிதித்து வந்தவன். உட்காரும் இடத்தில் எலுமிச்சை அளவில் கட்டி. டாக்டரின் இருபுறமும் நர்ஸுகள். எப்படிச் சொல்வது? நழுவி வெளியே வந்தேன்.

வாசலில் வியாபாரியின் மனைவி. விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. "சிங்கப்பூருக்குக் கொண்டுபோறவங்க திரும்பி வருவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

திரும்பி உள்ளே போனேன்.

"டாக்டர், நான் நார்மல் இல்ல. கட்டி இருக்கு."

"எங்கே?"

நாற்காலியைக் காட்டினேன். டாக்டர் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். மூத்த நர்ஸுக்குத்தான் புரிந்தது. "உக்காருலா தம்பி, பாப்போம்" என்றார். உட்கார்ந்தேன். (பிரசவ வார்டில் இருந்தவர்கள், தங்களைவிடக் கஷ்டப்படுகிறவர் யார் என்று விசாரித்தார்களாம்.)

உடனே இளைய நர்ஸின் விரலில் குத்தினார்கள். அவருடையது வெளுத்தே இருந்தது. ஆக, சாயத்தில் பழுதில்லை. வியாபாரியின் நுரையீரலில் சீழ் இருந்தது பிறகு தெரிந்தது. இருவருக்கும் ஒரே நாளில் பெனிசிலின் ஊசி ஆரம்பித்தது. எனக்குப் போட்ட இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இளைய நர்ஸையே பிற்பாடு கட்டிக்கொண்டேன். அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன். கதை வீட்டுக்குள் வந்துவிட்டது. போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு ஒரு நோய்நொடி கிடையாது என்றார் அவருடைய தாயார். மாப்பிள்ளை மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்படியா? முதல்ல உக்காரச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

எங்கள் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒன்றும் புரியாத மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார். சம்பந்தம் முடிவாயிற்று.