நாலாவது பொத்தானில் என் குரல்

அன்புள்ள மைத்துனருக்கு,

வணக்கம். அங்கே எல்லாரும் சுகம்தானா என்று முறைப்படி கேட்டாயிற்று. இங்கே சுகம் இல்லை. காரணம் உங்கள் அக்கா.

மீட்டர் கம்பெனியில் முப்பது வருடம் ஒயர் பற்றவைத்தவள், ஓய்வுபெற்ற பிறகாவது சும்மா இருப்பாள் என்று நினைத்தேன். ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் சால்டரிங் புகை. பாட்டுப் பெட்டி செய்கிறாளாம். பெட்டி தானாகப் பாடாது. கம்ப்யூட்டரில் சொருகிப் பொத்தானை அமுக்கினால், எந்தச் சத்தம் எப்போது வரவேண்டும் என்று கட்டளை போடுமாம். கட்டளை போட இந்த வீட்டில் நான் ஒருவன் போதாதா? பெட்டிக்காக என் மேசை டிராயரையே உருவிவிட்டாள், திருகக் குமிழ் போதவில்லை என்று அடுப்பிலிருந்து இரண்டைக் கழற்றிவிட்டாள், நான் தினமும் குறடு வைத்து அடுப்பைத் திருகிக் காப்பி போட்டுக்கொள்கிறேன், கேட்டால் "அதான் கேஸ் வருதுல்ல?" என்கிறாள்.

அதையும் பொறுத்தேன். போன வாரம் என் கண்ணாடியைக் காணோம் என்று "எவன்டா எடுத்தது?" என்று கத்தினேன். வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான், ஆனால் பஸ் டிப்போ பழக்கம் போகுமா? நாற்பது டிரைவர்களை நடுங்கவைத்த குரல். அதைப் பதிவுசெய்து நாலாவது பொத்தானில் வைத்திருக்கிறாள்! அமுக்கினால் "எவன்டா! எவன்டா! எவன்டா!" என்று நான் தாளம் போடுகிறேன். மாடிவீட்டுக்காரர் இறங்கிவந்து கைதட்டுகிறார். என் கோபத்துக்கு இவ்வளவுதானா மரியாதை? முந்தாநாள் ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆகவே சனிக்கிழமை துணிமணிகளோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நிரந்தரமாக. வாசல் அறையை ஒழித்துவையுங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்களுக்கு ஒன்றும் கிடையாது, நீங்கள் அவள் தம்பி.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் அத்தான்

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று விடிந்ததும் அவளே வந்து பேசினாள். நான் பிடுங்கியதில் நாலாவது பொத்தானின் பதிவு அழிந்துவிட்டதாம். சனிக்கிழமை ஓய்வுபெற்றோர் சங்க விழாவில் அவள் வாசிக்கவேண்டும், அந்தக் குரல் இல்லாமல் பாட்டு எழும்பவே இல்லையாம். "இன்னொரு தடவை கத்துங்க. உங்கள மாதிரி வேற யாரு கத்துவா?" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் என் குரலை அவள் மெச்சியது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து கத்திப் பார்க்கிறேன், கெஞ்சுகிற மாதிரிதான் வருகிறது. பயணம் ரத்து. கடிதம் கிடைத்த கையோடு போன் போட்டு என்னை நாலு வார்த்தை நன்றாகத் திட்டுங்கள்.