நான்காம் பக்கத்துத் தீவு

"ஏங்க, நம்ம தெருவுக்கு ஜனாதிபதி இருக்காராம். தெரியுமா உங்களுக்கு?"

மனைவி கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்தபடி செய்தித்தாளை நீட்டினாள். கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. பக்கக்காரர் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

அலுவலகத்தில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாளிதழின் நான்காம் பக்கத்தை அமைப்பது அவர் வேலை. மேல் பாதி உலகம், கீழ் பாதி உள்ளூர்.

மேல் பாதியில் அவருடைய தெரு இருந்தது. முழங்கால் தண்ணீரில் அடுக்குமாடி வீடுகள். அடியில், "கடலில் மூழ்கும் தீவு நாடு. உலகத் தலைவர்கள் கைகொடுக்க ஜனாதிபதி வேண்டுகோள்."

கீழ் பாதியில் கடல். கடலுக்குள் தென்னைமரங்கள். அடியில், "கடற்கரைச் சாலை மூன்றாம் குறுக்குத் தெருவில் குழாய் உடைப்பு. மக்கள் அவதி."

முந்தின இரவு அவர் இரண்டு படங்களுக்கும் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்துக் கணினியில் போட்டிருந்தார். அது ஒன்றைத் 'தண்ணீர் இரண்டு' ஆக்கிக்கொண்டது. எது எது என்று திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் இறைக்கும் அவசரம். குழாய் உடைப்புச் செய்தியை எழுதியதும் அவர்தான். மழை இல்லை, தெருவில் தண்ணீர். வேறென்னவாக இருக்க முடியும்? தெருவே அப்படித்தான் பேசிக்கொண்டது.

"இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போயிடுன்னு ஆசிரியர் போன வாரம்தான் சொன்னாரு."

"போறதுக்கு வீடு எங்க இருக்கு?" என்றாள் மனைவி.

அவர் இணையப் பதிப்பைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணைக் கைப்பேசியில் பிடித்தார்.

"அம்மா, நாலாம் பக்கத்துல படம் மாறிப்போச்சு. யார் கண்ணுலயும் படறதுக்குள்ள மாத்திடும்மா."

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "மாத்திட்டேன் சார். படத்தையும் மாத்திட்டேன், கீழ இருக்கிற வரியையும் மாத்திட்டேன்."

"ரெண்டையுமா?"

"ஆமா சார்."

"ரெண்டையும் மாத்தினா?"

மெல்ல, "பழையபடி ஆயிடும்" என்றாள்.

குழாயையாவது சரிசெய்துவிடலாம் என்று குடிநீர் அலுவலகத்துப் பொறியாளரைக் கூப்பிட்டார்.

"காலையிலயே ஆளுங்களை அனுப்பினேன் சார்" என்றார் பொறியாளர். "பேப்பரைக் கையில வச்சுக்கிட்டுத் தெருத் தெருவாச் சுத்தியிருக்காங்க. படத்துல இருக்கிற தென்னைமரம் எங்கேயும் இல்லைன்னு திரும்பி வந்துட்டாங்க."

"மரத்தை விடுங்க சார். மேல இருக்கிற படம்தான் எங்க தெரு."

"அது தீவுன்னு போட்டிருக்கே. தீவு எங்க எல்லைக்குள்ள வராது."

"தப்பா வந்துடுச்சு சார்."

"தப்புன்னு நீங்க எழுத்துல குடுங்க. உடனே ஆள் அனுப்புறேன்."

எழுத்தில் கொடுப்பதென்றால் ஆசிரியரிடம் போக வேண்டும். போனார். முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு ஆசிரியர் மேசை முன் நின்றார்.

ஆசிரியர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்த நாட்டுத் தூதரகத்துலேர்ந்து கூப்பிட்டாங்கய்யா. அவங்க ஊர்ல மாடி வீடே கிடையாதாம். இவ்வளவு பெரிய கட்டடமெல்லாம் எப்பக் கட்டினோம்னு கேக்குறாங்க."

பக்கக்காரர் தரையைப் பார்த்தார். அவர் நின்ற இடத்தில் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது.

"நம்ம வார்டு உறுப்பினர் அந்தப் படத்தைப் பாத்துட்டுத் தீவு மக்களுக்கு ஆறுதல் சொல்லி அறிக்கை விட்டிருக்காரு."

"அவர் வீடு எங்க தெருக்கோடியிலதான் சார் இருக்கு."

"அவருக்குத் தெரியாதா?"

"மாடியில இருக்காரு சார்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நாளைக்கு அதே இடத்துல திருத்தம் வரணும். உடைஞ்ச குழாயை ஆளுங்க சரிபண்ற படத்தோட வரணும். அந்தப் படம் இருந்தா நீ உள்ள வா. இல்லேன்னா வராதே."

அங்கேயே உட்கார்ந்து திருத்தத்தை எழுதினார். ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். அதைக் காட்டியதும் பொறியாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கடப்பாரை, மண்வெட்டி, இறைக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

முதல் வேலையாகத் தெருவின் பெரிய வால்வை மூடினார்கள். எல்லா வீட்டுக் குழாயும் நின்றது. தெருத் தண்ணீர் நிற்கவில்லை.

"தெரு பூரா தண்ணி, குடிக்கச் சொட்டு இல்ல" என்று மனைவி வாசலில் நின்று சொன்னாள். "நல்லாத்தான் சரிபண்றீங்க."

பக்கக்காரர் வீட்டு வாசலில் மணல் மூட்டைகளால் அணைகட்டி, இறைத்துத் தோண்டினார்கள். குழாய் தெரிந்தது. முழுசாக இருந்தது. தையற்காரர் கடை முன் தோண்டினார்கள். அங்கும் முழுசாக இருந்தது. வார்டு உறுப்பினர் வீட்டு முன் தோண்டும்போது அவர் மாடியிலிருந்து கையசைத்தார்.

குழிகள் நிரம்பின. தெருவில் நடக்க இருந்த கொஞ்ச இடமும் போனது. தையற்காரர் துணிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கக்காரரை முறைத்தார்.

"பேப்பர்ல எழுதினது நீங்கதானே? உங்களுக்கு யாரு குழாயைக் காட்டினது?"

பக்கக்காரர் கைப்பேசியின் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு குழிக்குக் குழி போனார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எதற்கும் இப்படி ஏங்கியதில்லை. ஒரு விரிசல் போதும். ஒரு ஓட்டை.

கடைசிக் குழியில் வயதான குழாய்க்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தடவிக்கொண்டிருந்தார். பக்கக்காரர் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "அண்ணே, கொஞ்சமா ஒரு எடத்துல உடைச்சுக் காட்ட முடியுமா? படம் எடுத்துக்கிறேன். எனக்கு வேலை போயிடும்" என்றார்.

குழாய்க்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஈரக் கையின் விரலை நாக்கில் வைத்தார். துப்பினார். மறுபடியும் வைத்தார். தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார்.

"திருத்தம் எதுவும் போட்டுடாதீங்க சார். பேப்பர்ல நீங்க போட்டதுதான் சரி. குழாய் எங்கயும் உடையல, இது கடல்."